வருமுன் அறியும் உடல்

புளியங்காய் ஒன்றைக் கண்ட மாத்திரத்தே வாயில் நீர் ஊறுவதை அறியாதார் எவருமிலர். காயைத் தின்ன வேண்டுவதில்லை. கையால் தொடவும் வேண்டுவதில்லை. அருகிலிருக்கும் ஒருவர் அதைக் கடிப்பதைப் பார்த்தாலே போதும். அதன் பெயரைச் செவியுற்றாலும் போதும். இப்பேச்சைக் கேட்கும் நேயர் சிலருக்கு இக்கணமே நாவின் இருமருங்கும் ஈரமாகியிருத்தல் கூடும். ஆயினும், புளியங்காயை ஒருபோதும் சுவைத்தறியாத ஒருவருக்கு அதே காயை எத்தனை முறை காட்டினும் வாய் ஊறுவதில்லை. புளிப்பு நாவிற் பட்டதும் உமிழ்நீர் சுரத்தல் பிறவியோடு வந்த இயல்பு. காயின் தோற்றத்தைக் கண்டதும் சுரத்தலோ அனுபவத்தால் வந்த பேறு.

இச்சிறு நிகழ்ச்சியுள் ஒரு பெரிய வினா அடங்கியுளது. காயைக் காணும்போது வாயில் இன்னும் புளிப்பு இல்லை. அவ்வாறாயின் உமிழ்நீர் எதற்காகச் சுரந்தது? வந்துவிட்ட புளிப்புக்காகவன்று, வரப்போகும் புளிப்புக்காக. எதிர்காலத்தைக் கணிப்பது சோதிடர்க்கே உரிய தொழிலென்று கருதுவாருளர். உண்மையில், உயிருள்ள உடல் ஒவ்வொன்றும் அடுத்த நொடியில் நிகழவிருப்பதை இடையறாது கணித்துக்கொண்டேயிருக்கிறது. அக்கணிப்பை அது எவ்வாறு கற்றுக்கொள்கிறது என்பதையும், அக்கணிப்பாற் பெறும் நன்மை யாது, சில வேளைகளில் அடையும் துன்பம் யாது என்பதையும் ஆராய்ந்த விஞ்ஞானிகளின் வரலாறு நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. அவ்வரலாறு ருஷிய நாட்டில், உளநூலோடு சிறிதும் தொடர்பில்லாத ஓர் ஆய்வுகூடத்திலே தொடங்கியது.

இவான் பவ்லோவ் 1849ஆம் ஆண்டில் ரியாசான் என்னும் நகரில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தவர். தந்தையின் வழியைப் பின்பற்றும் பொருட்டு முதலில் சமயக் கல்லூரியிற் சேர்ந்த அவர், பின்னர் அதைத் துறந்து, பீற்றர்ஸ்பேர்க் நகரை அடைந்து, உடற்றொழிலியலைத் தம் வாழ்க்கைத் தொழிலாக வரித்துக்கொண்டார். உண்ட உணவு எவ்வாறு செரிக்கிறது, எந்தச் சுரப்பி எப்பொழுது எவ்வளவு நீரைச் சுரக்கிறது என்பனவே அவர் ஆராய்ந்த பொருள்கள். அவ்வாராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று உலகம் அவரை நினைப்பதோ அப்பரிசுக்குக் காரணமான ஆராய்ச்சிக்காகவன்று. அவ்வாராய்ச்சிக்கு இடையூறாக முளைத்த ஒரு சிறு தொல்லைக்காகவே.

அத்தொல்லை யாதெனின், அவருடைய நாய்கள் உரிய காலத்துக்கு முன்னரே உமிழ்நீரைச் சுரந்தன. உணவு வாயிற் பட்டதும் சுரக்க வேண்டிய நீர், உணவுத் தட்டைக் கண்டதும் சுரந்தது. தட்டைக் கொண்டுவரும் பணியாளரின் காலடியோசை கேட்டதும் சுரந்தது. அளவைகளைக் குழப்பும் பிழையென்று இதனை ஒதுக்கியிருப்பின் அத்துடன் இச்செய்தி முடிந்திருக்கும். பவ்லோவ் அவ்வாறு செய்யவில்லை. காலடியோசைக்கும் உமிழ்நீருக்கும் இயற்கையில் யாதொரு தொடர்புமில்லை. அத்தொடர்பை நாய் தன் வாழ்நாளிற் கற்றிருத்தல் வேண்டும். ஆகவே, கற்றல் என்பதைச் சொட்டுச் சொட்டாக எண்ணி அளக்கும் வாய்ப்பு இங்கே கிட்டியுளது என்று அவர் கண்டார். 1903ஆம் ஆண்டில் மட்ரிட் நகரிற் கூடிய மருத்துவ மாநாட்டில் இப்புதிய ஆராய்ச்சியைப் பற்றி உரையாற்றிய அவர், 1936ஆம் ஆண்டில் இறக்கும்வரை அதனைக் கைவிடவில்லை.

அவர் கையாண்ட முறை எளியது. நாயின் உமிழ்நீர்ச் சுரப்பியினது குழாய் வாய்ப்புறம் செல்லாது கன்னத்தின் வெளிப்புறம் திறக்குமாறு சிறிய சத்திரசிகிச்சை ஒன்று செய்யப்பட்டது. சுரக்கும் துளிகளை அதனாற் புறத்தே நின்று எண்ண முடிந்தது. தாளக்கருவி ஒன்று சில நொடிகள் ஒலிக்கும். அதன்பின் உணவு வரும். இவ்வாறு பலமுறை நிகழ்ந்தபின், தாளக்கருவியின் ஒலி மாத்திரமே உமிழ்நீரைச் சுரக்கச் செய்தது. பவ்லோவின் பெயரோடு மணியோசையே உலகெங்கும் சேர்த்துப் பேசப்படினும், அவர் தாளக்கருவி, மின்விளக்கு, தோலின்மேல் மெல்லிய தொடுகை எனப் பலவகைக் குறிகளைப் பயன்படுத்தினார். எக்குறியாயினும் முடிவு ஒன்றே. உணவுக்குச் சுரத்தல் இயல்பான தெறிவினை. குறிக்குச் சுரத்தல் ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட தெறிவினை. குறியைத் தொடர்ந்து உணவு வருதல் வேண்டும் என்பதே அந்நிபந்தனை. இதனாலேயே இவ்வகைக் கற்றல் நிபந்தனைப்படுத்தல் எனப் பெயர் பெற்றது.

இக்கற்றலின் இயல்புகள் சிலவற்றைப் பவ்லோவே வகுத்தறிந்தார். குறி முன்னும் உணவு பின்னுமாக வரும்போது நாய் விரைவிற் கற்கிறது. உணவை முதலில் கொடுத்துப் பின்னர்க் குறியைக் கொடுத்தால் நாய் பெரும்பாலும் கற்பதில்லை. இரண்டு முறையிலும் ஒலியும் உணவும் அருகருகேதான் உள்ளன. ஆயினும் வேற்றுமை பெரிது. விருந்து முடிந்தபின் வரும் அழைப்பிதழால் யாருக்கு என்ன பயன்? முன்னே வரும் குறியே செய்தி. பின்னே வரும் குறி வெறும் ஓசை.

கற்றபின், குறியை மட்டும் கொடுத்து உணவைக் கொடாதுவிட்டால், துளிகள் ஒவ்வொரு முறையும் குறைந்து, முடிவில் இல்லாதொழியும். ஆனால், நாயைச் சிறிதுநேரம் ஓய்வாக விட்டு மீண்டும் குறியைக் கொடுத்தால், அற்றுப்போனதாகத் தோன்றிய சுரப்பு ஓரளவு மீண்டு வரும். பழைய கல்வி அழிந்துவிடவில்லை, அடங்கியே இருந்தது. இவ்வுண்மை பிற்காலத்தில் மருத்துவர்க்குப் பெரிதும் பயன்பட்டது.

மேலும், ஒரு குறிக்குக் கற்ற நாய் அதனையொத்த பிற குறிகளுக்கும் அவ்வாறே நடக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழி இப்பொதுமையாக்கத்தையே கூறுகின்றது. ஆயினும், ஒத்த குறிகளுள் ஒன்றற்கு மாத்திரம் உணவு கொடுத்து மற்றையதற்குக் கொடாதுவிட்டால், நாய் இரண்டையும் வேறுபடுத்தவும் கற்கும். பவ்லோவின் ஆய்வுகூடத்தில் ஒரு நாய்க்கு வட்டம் காட்டப்பட்டால் உணவு வந்தது. நீள்வட்டம் காட்டப்பட்டால் வரவில்லை. நாய் இவ்வேறுபாட்டை எளிதிற் கற்றது. பின்னர் நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டத்தை ஒத்ததாக மாற்றிச் சென்றனர். நீள்வட்டத்தின் நீளமும் அகலமும் 9க்கு 8 என்னும் அளவை அடைந்தபோது, அதுவரை அமைதியாக நின்ற நாய் ஊளையிட்டது, கட்டுகளைக் கடித்தது, முன்னர்க் கற்ற எளிய வேறுபாடுகளையும் மறந்தது. அந்நாயை எவரும் அடிக்கவில்லை; பட்டினி போடவுமில்லை. அடுத்து வருவது உணவா அன்றா என்று கணிக்க இயலாத நிலையொன்றே அதனை அலைக்கழித்தது. கணிக்கும் ஆற்றல் உயிர்க்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அவ்வாற்றல் குலைந்த இடத்திலேதான் தெளிவாகக் காண முடிந்தது.

பவ்லோவுக்குப் பின் வந்த பலர், நிபந்தனைப்படுத்தலை மிக எளிய பொறிவினையாகக் கருதினர். இரு பொருள்கள் அடுத்தடுத்துப் பலமுறை நிகழ்ந்தால் மூளையில் அவை தாமே ஒட்டிக்கொள்கின்றன என்பதே அவர்கள் கொள்கை. எத்துணை அதிகமாகச் சேர்ந்து நிகழ்கின்றனவோ அத்துணை உறுதியாக ஒட்டும் என்றனர். இக்கொள்கை பல்லாண்டுகள் நிலைபெற்றது. 1960ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட மூன்று பரிசோதனைகள் அதன் அடிப்படையை அசைத்தன.

முதலாவது, அமெரிக்க உளநூலறிஞர் றொபேட் றெஸ்கோர்லா 1968ஆம் ஆண்டில் வெளியிட்டது. எலிகள் உணவுக்காக ஒரு நெம்பை அழுத்தப் பழக்கப்பட்டிருந்தன. இடையே ஓர் ஒலி எழும். அவ்வொலியின்போது சில வேளைகளில் காலில் மின்னதிர்ச்சி தாக்கும். ஒலிக்கு அஞ்சக் கற்ற எலி, ஒலி கேட்டதும் நெம்பை அழுத்தாது உறைந்து நிற்கும். அதனால் அச்சத்தை அளக்க முடிந்தது. இப்பொழுது றெஸ்கோர்லா ஒரு மாற்றம் செய்தார். சில எலிகளுக்கு ஒலியின்போது மாத்திரமே அதிர்ச்சி வந்தது. வேறு சில எலிகளுக்கு ஒலியின்போது வந்த அதே வீதத்தில் ஒலியில்லாத வேளையிலும் அதிர்ச்சி வந்தது. ஒலியும் அதிர்ச்சியும் சேர்ந்து நிகழ்ந்த தடவைகள் இரு கூட்டத்துக்கும் ஒன்றே. ஒட்டிக்கொள்ளும் கொள்கை மெய்யாயின் இரு கூட்டமும் ஒலிக்குச் சமமாக அஞ்சுதல் வேண்டும். முதற் கூட்டம் அஞ்சியது, இரண்டாவது அஞ்சவில்லை. ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதிர்ச்சி வருமாயின், ஒலியாற் பெறும் செய்தி யாதுமில்லை என்பதை எலி அறிந்துகொண்டது.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தாற்போல என்பது தமிழ் வழக்கு. காகம் இருந்தமையாற்றான் பழம் விழுந்தது என்று கொள்ளுதல் பேதைமை. காகம் இராத வேளையிலும் பழம் விழுகின்றதா என்று நோக்குபவனே அறிவாளி. சிற்றுயிராகிய எலி அவ்வறிவாளியின் கணக்கையே செய்கிறது. உடனிகழ்ச்சியை அது எண்ணுவதோடு அமைவதில்லை. குறி உள்ளபோதும் இல்லாதபோதும் நிகழ்வன இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது.

இரண்டாவது பரிசோதனை, கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய லியோன் கமின் செய்தது. ஓர் எலிக்கூட்டம், இரைச்சலொன்று எழுந்தால் மின்னதிர்ச்சி வரும் என்பதை நன்கு கற்றது. அதன்பின் இரைச்சலோடு ஒரு விளக்கும் சேர்ந்து எரிந்தது. அதிர்ச்சியும் முன்போலவே வந்தது. இவ்வாறு பலமுறை நிகழ்ந்தபின் விளக்கை மாத்திரம் எரித்துப் பார்த்தனர். எலிகள் விளக்குக்குச் சிறிதும் அஞ்சவில்லை. முற்பயிற்சி யாதுமின்றி இரைச்சலையும் விளக்கையும் சேர்த்தே கண்ட வேறு எலிகளோ விளக்குக்குப் பெரிதும் அஞ்சின. முதற் கூட்டத்துக்கு விளக்கைக் காணக் கண் இல்லாமலில்லை, அதிர்ச்சி வலியாமலுமில்லை. ஆனால், அதிர்ச்சி வரும் என்பதை இரைச்சல் முன்னரே கூறிவிட்டது. விளக்குப் புதிதாகக் கூறியது ஒன்றுமில்லை. வியப்பு இல்லாத இடத்திற் கற்றலும் இல்லை என்பதே கமின் கண்ட முடிவு. இரண்டாங் கட்டத்தில் அதிர்ச்சியை முன்னிலும் வலிதாக்கியபோது, அவ்வெலிகள் விளக்கைப் பற்றியும் கற்றுக்கொண்டன என்பது இம்முடிபை உறுதிப்படுத்திற்று.

மூன்றாவது, ஜோன் கார்சியா என்பவரும் அவருடைய துணைவரும் 1966ஆம் ஆண்டில் வெளியிட்டது. எலிகள் நீர் அருந்தும்போது நீரில் ஒரு சுவை இருந்தது. நாவால் நக்குந்தோறும் ஒளி மின்னியது, ஒலியும் எழுந்தது. சில எலிகளுக்கு நீர் அருந்தியபின் காலில் மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. வேறு சில எலிகளுக்குக் கதிர்வீச்சாலோ மருந்தாலோ வயிற்றுக்குமட்டல் உண்டாக்கப்பட்டது. பின்னர், அதிர்ச்சியுற்றவை ஒளியும் ஒலியும் கூடிய நீரை வெறுத்தன, சுவையை வெறுக்கவில்லை. குமட்டலுற்றவை சுவையை வெறுத்தன. ஒளியையும் ஒலியையும் பொருட்படுத்தவில்லை. உலகில் வயிற்றுநோயைத் தருவது பெரும்பாலும் உண்ட பொருளே. தோலில் நோவைத் தருவது புறத்தேயுள்ள பொருளே. எக்குறி எந்நிகழ்ச்சியை அறிவிக்கத் தக்கது என்பது பற்றி உடல் ஓரளவு முன்னறிவோடு பிறக்கின்றது. அன்றியும், உண்டபின் ஒருமணி நேரத்துக்கு மேற்பட்ட காலம் கழித்து நோய் வந்தாலும், ஒருமுறை வந்தாலும், எலி அவ்வுணவை நினைவிற் கொண்டு விலக்குகிறது. குறிக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே சில நொடிகளே இருத்தல் வேண்டும் என்ற பழைய விதி இங்கு பொருந்தவில்லை.

இப்பரிசோதனைகளுட் பலவற்றை ஒரே கணக்கினுள் அடக்க முயன்றவர்கள் றெஸ்கோர்லாவும் அவருடன் ஆராய்ந்த அலன் வாக்னரும் ஆவர். 1972ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட விதியைச் சாதாரண மொழியிற் கூறுவதாயின், ஒவ்வொரு தடவையும் கற்கும் அளவு, எதிர்பார்த்ததற்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது என்பதாகும். எடுத்துக்காட்டாக, முழுமையான எதிர்பார்ப்பை 100 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் உள்ள வேறுபாட்டிற் பாதி திருத்தப்படுவதாகக் கொள்ளலாம். முதன்முறை உணவு வரும்போது எதிர்பார்ப்பு ஒன்றுமில்லை, வேறுபாடு 100, அதிற் பாதியாகிய 50 கற்கப்படுகிறது. இரண்டாம் முறை வேறுபாடு 50. எதிர்பார்ப்பு 75 ஆகிறது. மூன்றாம் முறை 87.5. தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெல்லவும் கற்பதன் காரணம் இதுவே. எதிர்பார்த்த உணவு வராதபோது வேறுபாடு எதிர்த்திசையில் அமைகின்றது, எதிர்பார்ப்புக் குறைகின்றது. கமினுடைய எலிகளுக்கு இரைச்சலே 100 அளவு எதிர்பார்ப்பைத் தந்துவிட்டமையால் வேறுபாடு இல்லை. ஆகவே விளக்கைப் பற்றிக் கற்க யாதும் எஞ்சவில்லை.

தாளிற் போட்ட இக்கணக்கை மூளை மெய்யாகவே போடுகின்றதா? அவ்வாறு எண்ணுவதற்குத் தக்க சான்று 1990ஆம் ஆண்டுகளிற் கிடைத்தது. சுவிற்சர்லாந்தின் பிறிபேர்க் நகரில் வொல்பிராம் ஷூல்ற்ஸ் என்னும் விஞ்ஞானி, குரங்குகளின் மூளையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்புக்கலங்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராது பழச்சாறு கிடைத்தபோது அக்கலங்கள் விரைந்து துடித்தன. ஒரு குறிக்குப்பின் சாறு வரும் என்று குரங்கு கற்றபின்னர், சாறு வரும்போது அவை துடிக்கவில்லை. குறி தோன்றியபோதே துடித்தன. குறி தோன்றியும் சாறு வராதபோது, சாறு வந்திருக்க வேண்டிய அந்நொடியிலேயே துடிப்பு வழக்கமான அளவிலும் தாழ்ந்தது. நிகழ்ந்தது எதிர்பார்த்ததிலும் மேலாயின் ஏற்றம், சமமாயின் மாற்றமின்மை, கீழாயின் இறக்கம். பீற்றர் டயன், றீட் மொண்டேகு என்போரோடு சேர்ந்து 1997ஆம் ஆண்டில் ஷூல்ற்ஸ் வெளியிட்ட கட்டுரை, பழைய கற்றல் விதியை நரம்புக்கலத்தின் துடிப்போடு இணைத்தது.

இவ்வளவு நுட்பமான கணிப்பால் உயிர் பெறும் நன்மை யாது? தென்கிழக்காசிய நீர்நிலைகளில் வாழும் நீலக் குராமி என்னும் மீன் இதற்குத் தக்க விடை தருகின்றது. அம்மீனினத்தின் ஆண் தன் எல்லையைக் காக்கும் இயல்புடையது. எல்லைக்குள் வருவது பகையாயினும் பெண்ணாயினும் முதலிற் சண்டைக்கே பாயும். அமெரிக்காவின் மவுண்ற் ஹோலியோக் கல்லூரியைச் சேர்ந்த கரன் ஹோலிஸ், பெண்மீன் தோன்றுமுன் ஒரு விளக்கு எரியுமாறு சில ஆண்மீன்களைப் பழக்கினார். விளக்கைக் கண்டு பெண்ணின் வருகையை முன்னறிந்த ஆண்கள் சண்டையைக் குறைத்தன, விரைவிற் கூடுகட்டின, 1997ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, முன்னறியாத ஆண்களைக் காட்டிலும் பன்மடங்கு குஞ்சுகளை ஈன்றெடுக்கச் செய்தன. பகைமீனின் வரவை ஒரு குறியால் முன்னறிந்த ஆண்களோ, அதனை அறியாத எதிரிகளைப் போரில் வென்றன என்பதையும் அவர் முன்னரே காட்டியிருந்தார். சில நொடி முன்னறிவு, வெற்றிக்கும் தோல்விக்கும், சந்ததி உண்டாதற்கும் இல்லாதொழிதற்கும் இடையேயுள்ள வேறுபாடாயிற்று.

மனித உடலிலும் இவ்வாயத்தம் ஓயாது நடைபெறுகின்றது. சில வேளைகளில் உயிரே அதிற் றங்கியிருக்கின்றது. ஹெரொயின் என்னும் போதைமருந்துக்கு அடிமையானவரின் உடல், மருந்தின் வேகத்தைத் தாங்குதற்கு எதிர்வினையொன்றைக் கற்றுக்கொள்கிறது. வழக்கமான அறை, வழக்கமான ஊசி, வழக்கமான வேளை ஆகியன குறிகளாகி, மருந்து வருமுன்னரே உடலை ஆயத்தஞ் செய்கின்றன. கனடிய அறிஞர் ஷெப்பேட் சீகலும் துணைவரும் 1982ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு இதனைப் பரிசோதித்தனர். மருந்துக்குப் பழகிய எலிகளுக்கு ஒரு பெரிய அளவு மருந்தைப் பழகிய இடத்திற் கொடுத்தபோது 100க்கு 32 வீதமானவை மாண்டன. அதே அளவைப் பழகாத இடத்திற் கொடுத்தபோது 64 வீதமானவை மாண்டன. மருந்தின் அளவு மாறவில்லை. உடலுக்கு முன்னறிவித்த குறிகளே இல்லாது போயின. போதைமருந்துக்குப் பழகிய மனிதர் சிலர், வழக்கமாக எடுக்கும் அளவையே புதிய இடத்தில் எடுத்து உயிர் துறப்பதற்கு இது ஒரு காரணமாகலாம் என ஆராய்ச்சியாளர் கருதுவர்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றப் பெறுவோரின் துன்பமும் இத்தகையதே. மருந்து குமட்டலைத் தருகின்றது. சில தடவைகளின் பின், வைத்தியசாலையின் மணம் நாசியிற் பட்டதும், மருந்து உடலிற் சேருமுன்னரே, சிலருக்குக் குமட்டல் எழுகின்றது. மருந்தேற்றுமுன் உண்ட உணவின்மேலும் வெறுப்புப் பிறக்கின்றது. அமெரிக்காவின் சியாற்றில் நகரில் இலீன் பேர்ன்ஸ்ரைன் 1978ஆம் ஆண்டில் இதனை நோயுற்ற சிறுவரிடம் கண்டறிந்தார். மருந்துக்குமுன் புதுச்சுவையுள்ள ஐஸ்கிறீம் உண்ட சிறுவர், பின்னர் அதனை ஏற்க மறுத்தனர். வெறுப்பு மருந்தால் வந்தது என்பதைச் சிறுவரின் அறிவு உணர்ந்திருப்பினும் நாவும் வயிறும் அதனை ஒப்புக்கொள்வதில்லை. நோயால் மெலிந்த குழந்தைக்கு உணவில் வெறுப்பும் சேருமாயின் நிலைமை மேலும் கடினமாகும்.

ஆயினும், நோயின் காரணத்தை அறிந்த அறிவே அதற்குப் பரிகாரமும் காட்டிற்று. உணவுக்கும் மருந்துக்கும் இடையே, வழக்கமற்ற கடுஞ்சுவையுள்ள மிட்டாய் ஒன்றைச் சிறுவர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். குமட்டலின் பழியை அம்மிட்டாய் ஏற்றுக்கொண்டது; அன்றாட உணவு பெரிதும் தப்பியது. 1987ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வில், மிட்டாய் பெற்ற சிறுவர் தம் உணவைப் பின்னரும் விரும்பி உண்ணக் காணப்பட்டனர். விலையற்ற ஒரு சிறு மிட்டாய், கற்றலின் விதியை அறிந்தோர் கையில் மருந்தாயிற்று.

அச்சத்தின் வரலாறும் இதனையே கூறுகின்றது. 1920ஆம் ஆண்டில் ஜோன் வாட்சன், ரோசலி றேனர் என்னும் இருவர், அல்பேட் என்று குறிப்பிடப்பட்ட ஒரு கைக்குழந்தை வெள்ளெலியைத் தொடுந்தோறும் அதன் பின்புறத்தே இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடித்துப் பேரோசை எழுப்பினர். எலியோடு விளையாடிய குழந்தை எலியைக் கண்டு அழுதது. பின்னர் முயலைக் கண்டும் அழுதது. அவ்வச்சத்தை நீக்காமலே குழந்தை அனுப்பப்பட்டது. இன்றைய அறநெறி இத்தகைய பரிசோதனைக்கு ஒருபோதும் இடந்தராது. நான்காண்டுகளின் பின், 1924இல், மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி எதிர்வழியிற் சென்றார். பீற்றர் என்று அவர் குறிப்பிட்ட, ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவன் முயலைக் கண்டு நடுங்கினான். அவன் விருப்பமான தின்பண்டத்தை உண்டுகொண்டிருக்கும்போது முயலைத் தொலைவில் வைத்தார். நாளடைவிற் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். ஈற்றில் முயலைத் தன் கையால் தடவி விளையாடினான் சிறுவன்.

இன்று அச்சநோயைத் தீர்க்கும் உளமருத்துவர் பலரும் இவ்வழியையே திருத்திக் கையாளுகின்றனர். அவர்கள் மனத்திற் கொள்ளும் உண்மைகள் இரண்டு. அச்சம் தணிதல் பழைய கல்வியின் அழிவன்று. அதன்மேற் கற்கும் புதிய கல்வி. பவ்லோவின் நாய்க்குச் சுரப்பு மீண்டதுபோல, தணிந்த அச்சம் புதிய இடத்தில் மீண்டும் தலைகாட்டலாம். அதனால் நோயாளி மனம் தளர வேண்டுவதில்லை. பல இடங்களிலும் பலமுறையும் பயிலுதலே அதற்கு மருந்து. மற்றையது, எதிர்பார்த்தது நிகழாதபோதே எதிர்பார்ப்புத் திருந்துகின்றது என்பது. சூடுபட்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பர். நாடாமையால் அது மீண்டும் சுடுபடுவதில்லை. நாடாமையாலேயே அடுப்பு அணைந்துவிட்டதென்பதையும் அறிவதில்லை. நாய்க்கு அஞ்சித் தெருவை விட்டு விலகிச் செல்பவனும், ஒருமுறை சபையில் நாத் தடுமாறியமையால் பின் ஒருபோதும் சபையேறாதவனும் அப்பூனையின் நிலையினரே. அவர்களுடைய உடல் கணித்த கணக்கு ஒருகாலத்திற் சரியாயிருக்கலாம். இன்றும் அது சரியோ என்று சோதிக்கும் வாய்ப்பை அவர்கள் அதற்குக் கொடுப்பதில்லை.

பீற்றருக்கு அவ்வாய்ப்பை ஒருவர் பொறுமையோடு கொடுத்தார். அஞ்சாதே என்று அவனுக்கு அறிவுரை கூறியிருந்தால் அச்சம் அகன்றிராது. கோழையென்று ஏளனஞ் செய்திருந்தால் வளர்ந்திருக்கும். அவ்விரண்டையும் விடுத்து, முயல் ஒவ்வொரு நாளும் ஓரடி கிட்ட வந்தது. தீங்கு வரும் என்று சிறுவனின் உடல் கணித்தது; தீங்கு வரவில்லை. அவ்வாறு வராத நாள்கள் பல சேர்ந்தபின், உடல் தன் கணக்கைத் தானே திருத்திக்கொண்டது. அஞ்சும் குழந்தையொன்றை வளர்க்கும் பெற்றோருக்கும் பாடசாலை ஆசிரியருக்கும் இதனினும் பயன்படும் செய்தியை அவ்வாய்வுகூடங்கள் வேறு தரவில்லை.